கழிவு மேட்டில் முளைப்பாரி

குவாரியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே அப்பாடா என்றது. எனக்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. நடக்கிற குவாரியின் முதலாளியை வழிமறித்து நாலு வார்த்தை கேட்கலாம். மூடிவிட்டுப் போனவனை எங்கே போய்த் தேடுவது?

எங்கள் தென்னந்தோப்பு தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. என் மாமனார் மகனுக்கும் மகளுக்கும் பாதிப் பாதியாக எழுதிவைத்துவிட்டுப் போன தோப்பு. மகன் என் வீட்டுக்காரர். மகள் என் நாத்தனார், அவருக்கு இளையவள். நடுவில் வரப்புகூடக் கிடையாது. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, கரண்ட் போனால் திட்டுவதற்கு மட்டும் வாய் மூன்று. தோப்புக்கு மேல்பக்கம் ஒரு சின்ன ஓடை. ஓடையைத் தாண்டினால் குவாரியின் கழிவு மேடு.

கழிவு மேடு என்றால் வேறொன்றும் இல்லை. மலையை வெடிவைத்து உடைத்து, விலைபோகிற கல்லை ஜல்லி உடைக்கிற கிரஷருக்கு அனுப்பிவிட்டு, தேறாத கல்லையும் தூளையும் வருஷக்கணக்காகக் கொட்டிக்கொண்டே வந்தார்கள். கொட்டக் கொட்ட அது எங்கள் தென்னையைவிட உயரமாகிவிட்டது. அதற்கு வேர் கிடையாது, பிடிப்பு கிடையாது. மேலே ஒரு ஆடு ஏறினால் கீழே நாலு கல் உருளும். ஆடு மேய்ப்பவர்களே அந்தப் பக்கம் ஓட்டுவதில்லை. ஆடு மேய்ப்பவர்களுக்கு இருந்த எச்சரிக்கை சுற்றுச்சூழல் படித்தவர்களுக்கு இல்லை.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நான் உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. எந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பது வக்கீலுக்குத் தெரிகிறதோ இல்லையோ, அடித்து அடித்து எனக்கு மனப்பாடம். குவாரி தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்கவேண்டும். கல் எடுத்து முடிந்ததும் கழிவு மேட்டைப் படிப்படியாகச் சரித்து, அந்த மண்ணை மேலே போர்த்தி, மரம் நட்டு, அடியில் தடுப்புச் சுவர் கட்டி, மழைத்தண்ணீர் போக வாய்க்கால் வெட்டவேண்டும். அப்புறம் அதிகாரிகள் வந்து பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டால் முதலாளி கட்டிவைத்த வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். அந்தக் கையெழுத்தோடு மேட்டுக்கும் அவருக்கும் உறவு அறுந்தது. அன்றிலிருந்து மேடு அநாதை. அந்த அநாதைக்குக் கீழே குடியிருப்பது எங்கள் தோப்பு.

அதனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கையெழுத்து விழுவதற்கு முன்னால் அந்த மேட்டை ஒழுங்காகச் சரித்து, மண் போர்த்திவிட வேண்டும்.

மண் எங்கே இருந்தது? குவித்து வைத்த மேல்மண் எல்லாம் எப்போதோ டிப்பரில் ஏறி, கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்விட்டது. ஊரறியப் பட்டப்பகலில் போனது. அருமையான மண். அதில் காய்த்த பன்னீர்த் திராட்சையைப் பஸ் ஸ்டாண்டில் வாங்கி நானே தின்றிருப்பேன்.

மூடுவதற்கு ஆறேழு மாதம் இருக்கும்போது சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரை முதலாளி வரவழைத்தார். சின்ன வயசுப் பிள்ளை. ஆரஞ்சு நிறத்தில் மினுமினுக்கிற சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. கல் உடைத்தவர்களுக்கு அத்தனை வருஷமாக இல்லாத தலைக்கவசம், கல்லை எட்ட நின்று பார்க்க வந்தவருக்கு இருந்தது. அவர் மேட்டைப் பார்த்துவிட்டு ஒரு தரம் எங்கள் தோப்புக்கும் வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். மேட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். முழுக்கப் பச்சையாக்கிவிடுவோம் மேடம் என்றார். வேர் பிடிக்க மண் வேண்டுமே என்றேன்.

“பச்சை கவர் ஆனா போதும் மேடம். ஆய்வுக்கு வர்றவங்க பாக்குறது கவரைத்தான்.”

இளநீரைப் பாதி குடித்திருந்தார். வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது.

அவருடைய பசுமைப் பணி தொடங்கியது. முதலில் புல் விதையைத் தண்ணீரில் கலந்து மேட்டின் மேல் பீய்ச்சி அடித்தார்கள். அப்போது ஆடி மாதம். இந்தப் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தேனிப் பக்கம் ஒரு நாள் பஸ் ஏறியவனுக்கும் தெரியும். விதை எல்லாம் பறந்து எங்கள் கிணற்றில் விழுந்தது. அடுத்தது பாய் மாதிரி சுருட்டிய புல்தரை லாரியில் வந்தது. பெரிய மனிதர்கள் பங்களா முன்னால் விரித்திருப்பார்களே, அது. விரித்த வாரத்திலேயே அடியில் கல் சூடேறி, வெயிலில் காய்ந்து, புகையிலைச் சருகாகிவிட்டது. ஆய்வுக்கு வருகிறோம் என்று அதிகாரிகள் புரட்டாசியில் நாள் குறித்துவிட்டார்கள். ஆலோசகருக்குச் சோறு இறங்கவில்லை.

சோறு இறங்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சோறு போட்டதே என் நாத்தனார்தான். கிரஷர் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கிப்போடும் வேலை அவளுக்கு. நல்ல கைப்பக்குவம். வாய்ப்பக்குவம் அதைவிட அதிகம். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் என்ன ஏதென்று விசாரித்திருக்கிறாள். மேடு பச்சையாகத் தெரியவேண்டும், அதுவும் சீக்கிரம் என்று அவர் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். இதற்கா இவ்வளவு கவலை, பத்து நாளில் பச்சையாக்கிக் காட்டுகிறோம் என்று இவள் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் முளைப்பாரி எடுக்கும் பெண்களுக்கு இவள்தான் தலைவி. முளைப்பாரி போடுவதில் இவளை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் இல்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். வெயில் படாத இருட்டு அறையில் ஆட்டுச்சாணத் தூளும் கண்மாய்க் கரம்பை மண்ணும் போட்டு, நவதானியம் விதைத்து, விரதம் இருந்து, தினமும் தண்ணீர் தெளித்துக் கும்மியடித்து வளர்ப்பார்கள். முழ உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். ஆனால் அது வெறும் பத்து நாள் பயிர். வெயிலைப் பார்த்தால் ஒரே நாளில் சாய்ந்துவிடும். அதனால்தான் கோயிலில் வைத்துக் கும்பிட்ட கையோடு தண்ணீரில் கரைத்துவிடுகிறோம்.

அதைக் கொண்டுபோய்க் கழிவு மேட்டில் அடுக்குவதா என்று நாலு பேர் முகம் சுளித்தார்கள். முதலாளி உடனே ஊருக்கு ஒரு சேதி அனுப்பினார். இத்தனை வருஷம் சோறு போட்ட மலைக்கு நன்றி செலுத்துகிறாராம். குவாரி மூடுவிழாவுக்கு அம்மனை வரவழைக்கிறாராம். அப்படியே கோயில் முன்மண்டபத்துக்கு டைல்ஸ் ஒட்டித் தருகிறாராம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் டைல்ஸ் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற மரியாதை அம்மனுக்குக்கூட இல்லை. சுளித்த முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

நான் நாத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். கையெழுத்து விழுந்துவிட்டால் மேட்டைச் சரிக்க யாரும் வரமாட்டார்கள். மழை பெய்தால் அத்தனையும் தோப்புக்குள் வரும், பாதித் தோப்பு உன்னுடையது என்றேன். அவள் வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னாள்.

“இங்கன எப்ப மதினி அம்புட்டு மழ பெஞ்சிருக்கு? கோர்ட்டு வாசல்லயே ஒக்காந்து ஒக்காந்து ஒங்களுக்கு எதப் பாத்தாலும் கேசாத்தான் தெரியுது.”

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண்டும் காணாததுமாக மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார். தங்கச்சிக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே வராமல் இருப்பதையே அவர் வாழ்நாள் சாதனையாக வைத்திருக்கிறார்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் கடையிலேயே மனு அடித்தேன். மேல்மண் போன கதை, மேட்டின் சரிவு, தோப்பின் கதி எல்லாவற்றையும் எழுதி எல்லா அலுவலகத்துக்கும் அனுப்பினேன். ஊராருக்கு அடித்துக் கொடுத்த மனுக்களுக்கு என்ன கதி என்று தெரிந்தவள் நான். இருந்தும் எனக்கு என்று வரும்போது நம்பினேன். ஆய்வின்போது நேரில் தெரிவிக்கலாம் என்று பதில் வந்தது. சரி, நேரிலேயே காட்டிவிடுவோம் என்று இருந்தேன். காட்டவேண்டிய இடமும் எனக்குத் தெரியும். மேட்டின் தெற்கு ஓரத்தில், எங்கள் தோப்புக்கு நேர் மேலே, ஒரு வெடிப்பு விட்டிருந்தது. கை நுழையும் அகலம். கீழே நின்று பார்த்தாலே அந்த இடம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்பது தெரியும்.

முளைப்பாரியை கிரஷர் ஷெட்டில் வளர்த்தார்கள். ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து இருட்டாக்கி, செவ்வாய்க்கிழமை விதைத்து, செருப்பில்லாமல் உள்ளே போய் வந்தார்கள். மலையைத் தூளாக்கிய ஷெட்டில் கும்மிப் பாட்டுக் கேட்டது. நீளச் சாக்குகளின் மேல் வளர்த்ததால் அப்படியே தூக்கிக்கொண்டு போய் விரிக்க வசதியாக இருந்தது. ஆய்வு நாள் விடிவதற்குள் மேட்டின் முன்பக்கம் முழுக்க விரித்து முடித்துவிட்டார்கள். நான் போனபோது அந்தக் கல்குவியல் மொச்சையும் தட்டாம்பயறும் சோளமுமாகத் தளதளவென்று நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு மேட்டையே முளைப்பயறில் மறைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

அதிகாரி இரண்டு ஜீப்போடு வந்தார். கூட வந்தவர் ஒருவர் கையில் நீளமான இரும்புக் கம்பி. மேட்டில் குத்தி, மண் எத்தனை ஆழம் போர்த்தியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. அந்தக் கம்பியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒரே ஒரு குத்து போதும். சாக்கும் கல்லும் ணங்கென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும்.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கி மேட்டை நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் வரிசையாக நின்று குலவை போட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துப் போடவில்லை. முளைப்பாரி வெளியே வந்தால் குலவை போடாமல் அவர்களால் இருக்கமுடியாது. அதிகாரியின் முகம் மாறியது. அவரும் முளைப்பாரி எடுக்கிற சீமைக்காரர்தான். எங்கம்மாவும் வளர்ப்பாங்க என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, குனிந்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் கழற்றியதும் மற்றவர்களும் கழற்றினார்கள். ஆரஞ்சுச் சட்டையும் கழற்றியது. கம்பி வைத்திருந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜீப்பில் சாய்த்துவிட்டு வந்தார். சாமி மேல் யார் கம்பியால் குத்துவார்கள்? மண் போர்த்தியிருந்தால்கூட அந்த மேட்டை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியிருக்க முடியாது. என் நாத்தனார் தட்டில் விபூதி வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

நான் அதிகாரியிடம் போய் என் மனுவைச் சொன்னேன். பார்த்தேன்மா, பார்த்தேன் என்றார். அடியில் மண் இல்லை என்றேன். அதான் நல்லா முளைச்சிருக்கே என்றார். தெற்கு ஓரத்தில் வெடிப்பு இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். அவர் முளைப்பாரியையும் தன் வெறுங்காலையும் பார்த்தார். தட்டிலிருந்து விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று தெற்கு ஓரத்துக்குப் போய் மேட்டில் ஏறினேன். பயறும் சோளமும் காலடியில் நசுங்கின. இத்தனை கோபத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தின் புத்தி எனக்குள்ளேயும் இருந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. வெடிப்பு இருந்த இடத்தில் நின்று, ஒரு சாக்கின் நுனியைப் பிடித்துச் சுருட்டித் தூக்கினேன். அடியில் கல். வெறும் கல். நடுவே வாயைப் பிளந்துகொண்டு வெடிப்பு.

அதிகாரி பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார். நான் நின்ற இடத்துக்கும் அவர் நின்ற இடத்துக்கும் அதிக தூரம் இல்லை. அப்புறம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மா, படிச்சவங்க மாதிரி தெரியுது. சாமி மேல கால வைக்கலாமா? எறங்குங்க.”

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருத்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். என்னைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதற்குள், நான் தூக்கிய சாக்கை நாத்தனார் பக்குவமாக விரித்து, சாய்ந்த பயிரை நிமிர்த்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆலோசகர் ஓடி ஓடி போட்டோ எடுத்தார். உள்ளூர் மகளிரின் பங்களிப்போடு நிலம் பசுமையாக மீட்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை போனதாகப் பின்னால் தெரிந்தது. அந்தப் போட்டோக்களில் ஒன்றில் நானும் இருக்கிறேனாம். தூரத்தில், மேட்டின் மேல், ஏதோ நடவு செய்கிறவளைப் போலக் குனிந்துகொண்டு.

அன்று மத்தியானமே பயிர் தலை சாய்ந்தது. சாயங்காலம் சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு போய், குவாரிக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் கரைத்தார்கள். கையெழுத்து விழுந்தது. முதலாளி போனார். கிரஷரைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். கோயிலில் டைல்ஸ் ஒட்டினார்கள். குளியலறையில் ஒட்டுகிற நீல டைல்ஸ். கும்பிடப் போனால் வாளியைத் தேடத் தோன்றுகிறது.

ஊர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டது. எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்திலும் உருப்படியாக எதுவும் பேசியதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. இந்தப் பக்கம் பெய்யாது என்று என் நாத்தனார் உத்தரவாதம் கொடுத்த மழை, விட்டுவிட்டு வாரக்கணக்கில் பெய்தது. ஒரு நாள் கடையில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் போன் பண்ணினார். தோப்பு போச்சு என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மேட்டின் தெற்குப் பக்கம் அப்படியே பெயர்ந்து, ஓடையைத் தூர்த்து, தோப்புக்குள் இறங்கியிருந்தது. தென்னை மரங்கள் இடுப்பளவு சகதியிலும் கல்லிலும் நின்றன. சில சாய்ந்து கிடந்தன. கிணறு எங்கே இருந்தது என்று கைகாட்டத்தான் முடிந்தது. மாமனார் கையால் வைத்த முதல் வரிசையில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

ஊர் வந்து பார்த்தது. வரிசையாக வந்து, உச்சுக்கொட்டி, செல்போனில் படம் எடுத்தது. குனிந்து ஒரு கல்லைப் புரட்டிப்போட ஒரு ஆள் கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். அந்த நிலம் முறைப்படி சீரமைக்கப்பட்டுவிட்டது, இது இயற்கைப் பேரிடர், தாலுகா ஆபீஸில் எழுதிக்கொடுங்கள் என்றார்கள். மனுவா? நானே அடிக்கலாம்.

நாத்தனார் தன் பாதித் தோப்பின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் போய்விட்டது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. எனக்கே பாவமாகப் போயிற்று. பக்கத்தில் போய்க் கையைப் பிடிக்கலாம் என்று போனேன். அவள் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியளா மதினி. அன்னைக்கு நீங்க ஏறி மிதிச்ச எடந்தேன் மொதல்ல சரிஞ்சிருக்கு.”

நிமிர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அதே இடம்தான். அங்கிருந்துதான் பெயர்ந்து வந்திருந்தது. என் பொறுமை அத்தனையையும் திரட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலச் சொன்னேன்.

“ஆத்தா, அங்கன வெடிப்பு இருந்துச்சு. அதக் காட்டத்தான நான் ஏறுனேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சண்டை போடுகிற முகம் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“வெடிப்பு இருக்குன்னு தெரிஞ்சுமா ஏறி மிதிச்சிய?”

நின்றிருந்த கூட்டம் நியாயம்தான் என்று தலையை ஆட்டியது. என் வீட்டுக்காரரும் ஆட்டினார்.